412-ஆம் வால்யூம் சுருங்கியது

எங்கள் தொழிலில் சந்தேகப்படாத ஆள் மூன்று மாதம் தாங்க மாட்டான். நான் பத்தொன்பது வருடம் தாங்கியிருக்கிறேன். எனக்கு எவ்வளவு சந்தேக புத்தி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பால் பாக்கெட் போடுகிறவர், பக்கத்து வீட்டுக்காரி, என் வீட்டுக்காரர் என்று யாரையும் நான் விட்டு வைத்ததில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் திரையில் வந்து நின்றது என் சொந்தப் பெயர்.

கோகிலவாணி. கோயம்புத்தூரில் 'மறவா' என்ற நிறுவனத்தின் சேமிப்பு அறையில் வேலை. முன்பக்கம் பார்த்தால் மருத்துவமனை மாதிரி இருக்கும், சோபா, மீன் தொட்டி எல்லாம் உண்டு. பின்னால் நான் இருக்கும் இடத்தில் அலமாரி அலமாரியாக வட்டுகளும், காதை அடைக்கிற விசிறிச் சத்தமும்தான். பக்கவாதம் வந்தோ தலையில் அடிபட்டோ புதிதாக எதுவும் மனத்தில் தங்காமல் போனவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வில்லையைப் பொருத்துவார்கள். அன்றன்றைக்குப் பார்த்தது, கேட்டது எல்லாம் அந்த வில்லை வழியாக எங்கள் வட்டுகளுக்கு வரும். அவர்கள் நினைத்துப் பார்க்கும்போது இங்கிருந்து திரும்பிப் போகும். வட்டுகள் எல்லாருக்கும் பொது. அதில் ஆளுக்கொரு பாகம் பிரித்துக் கொடுத்திருப்போம். அதைத்தான் வால்யூம் என்போம். ஒரு வால்யூம், ஒரு தலை. இதை மாற்றி இணைத்தால் ஒருவர் கட்டிய தாலி இன்னொருவர் நினைவில் ஏறிவிடும்.

எந்த வால்யூம் யார் தலையோடு இணைந்திருக்கிறது, எது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையெல்லாம் நான் கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான் பார்ப்பேன். வண்ண வண்ணமாகப் படம் காட்டும் திரையும் இருக்கிறது, மேனேஜர்களுக்காக. அதில் எல்லாம் எப்போதும் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சையை நான் நம்பியதே இல்லை.

காலை ஒன்பது மணிக்கு வந்ததும் பட்டியலை எடுத்து முந்தைய நாள் பட்டியலோடு ஒப்பிடுவேன். உயிரோடு இருக்கிறவரின் வால்யூம் வளரத்தான் செய்யும். நாள் முழுக்கத் தூங்கினாலும் கனவு ஏறும். அன்றைக்கு எல்லாம் வளர்ந்திருந்தது, 412 மட்டும் சுருங்கியிருந்தது. முப்பத்தொரு நாள் அளவுக்கு.

பதிவேட்டைத் திறந்தேன். திங்கட்கிழமை மதியம் ஒன்று இருபத்தைந்துக்கு 412-ஐ ஒரு பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் என்றால், ஒரு நிமிடத்தில் வால்யூம் எப்படி இருந்ததோ அதை அப்படியே நிறுத்தி வைப்பது. அதற்குத் திருப்பினால், பிறகு எழுதியதெல்லாம், பிறகு எடுத்த ஸ்னாப்ஷாட்களோடு சேர்ந்து போய்விடும். செய்த ஆளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் லாகின் இருந்தது. திங்கட்கிழமை ஒன்று இருபத்தைந்துக்கு நான் கேன்டீனில் லெமன் சாதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடையவர் சம்மதமில்லாமல் ஒருவர் நினைவைத் தொட்டால் ஏழு வருடம் உள்ளே போக வேண்டும். நினைவுச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அடப்பாவி, யார் பெயரில் யார் விளையாடுகிறீர்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தால், இது முதல் தடவையே இல்லை. ஐந்து மாதத்தில் ஐந்து தடவை. முந்தைய நான்கும் வெள்ளிக்கிழமை; திங்கட்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலோடு ஒப்பிடுகிறவள் கண்ணில் அது படாது. எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரம், எல்லாம் என் லாகின், எல்லாம் ஒரே ஸ்னாப்ஷாட்டுக்கு. தை மாதம் நாலாம் தேதி எடுத்தது அது. சாதாரணமாக ஸ்னாப்ஷாட்கள் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். இதற்கு மட்டும் அழியாதபடி யாரோ தடுப்புப் போட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு தடவை திருப்புவதற்கு முன்பும் வால்யூமை ஒரு குளோன் எடுத்துத் தனியாக வைத்திருந்தார்கள். ஆக, போன நாட்கள் ஒழிந்துபோகவில்லை. ஐந்து பிரதிகளாக ஒரு மூலையில் கிடந்தன. எதையும் திருப்புவதற்கு முன்னால் குளோன் எடுத்து வைப்பது என் பழக்கம். என்னைத் தவிர அப்படிச் செய்கிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவன்தான். என்னிடம் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது எனக்கே மேனேஜராக இருக்கும் பிரசன்னா. போன வருடம் நான் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு லீவு போட்டபோது பாஸ்வேர்டை அவனிடம் சொல்லிவிட்டுப் போனதும் நான்தான். திரும்பி வந்த பிறகு மாற்றவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவள் செய்கிற வேலையா இது?

நேராக அவன் அறைக்குப் போனேன்.

"412-ல என்ன நடக்குது?"

"எந்த 412 வாணிக்கா?" என்று பச்சைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"வால்யூம் சுருங்கியிருக்குது. என் லாகின்ல."

"பழைய ஸ்கிரிப்ட் ஏதாச்சும் தானா ஓடியிருக்கும்க்கா. விடுங்க, நான் பாத்துக்கறேன்."

தானாக ஓடுகிற ஸ்கிரிப்ட் சாப்பாட்டு நேரம் பார்த்தா ஓடும்? அவன் காது மடல் சிவந்திருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களால் வால்யூமின் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. உடையவர் தலையோடு இணைத்தால்தான் அது நினைவாகும், எங்களுக்கு வெறும் எண்கள். அதனால் நான் 412 யார் என்று எடுத்துப் பார்த்தேன். ஆறுச்சாமி, வயது அறுபத்தொன்பது, சிங்காநல்லூர். இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம். மனைவி கலாமணி. ஒருவர் நினைவு குறைவதால் யாருக்கு லாபம்? வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான். அந்தக் கலாமணிதான் பிரசன்னாவைப் பிடித்து இதைச் செய்ய வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். புதன்கிழமை, வில்லையைச் சோதிக்கிற சாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆறுச்சாமி வாசலிலேயே என் அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

"மறவா கம்பெனிங்களா? உங்களத்தான் தேடிட்டு இருக்கறேன். ஏனம்மிணி, எம்பட அஞ்சு மாசத்த எங்க கொண்டுபோய் வெச்சிருக்கறீங்க?"

"என்னுங்கய்யா ஆச்சு?"

"என்ன ஆச்சுங்களா? பொங்கல் முடிஞ்சு எம்பட பையன் கவினு கப்பலுக்குக் கெளம்பறான். மெரைன் இஞ்சினியருங்க அவன். பையைத் தூக்கிட்டு, தா, அந்த வாசக்கதவு நெலவுகிட்ட நிக்கறான். அதுக்கு அடுத்ததா எனக்கு ஞாபகத்துல இருக்கறது முந்தாநேத்து ஆட்டோவுல வந்து எறங்குனது. ஆனி மாசம்ங்கறா இவ. கேட்டா மெஷின் ரிப்பேருங்கறா. எனக்கு நம்பிக்கையில்ல."

சமையலறை வாசலில் கலாமணி நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு. ரவிக்கைக் கை இரண்டும் தொளதொளவென்று தொங்கியது. கையில் காப்பி டம்ளர் இருந்தது, ஆனால் கொண்டு வந்து கொடுக்க மறந்து நின்றார்.

வால்யூம் என்றால் என்னவென்று ஆறுச்சாமிக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரே டிரான்ஸ்ஃபார்மரு, வீட்டுக்கு வீடு மீட்டரு. அப்படித்தானுங்களே?"

"அப்படியேதானுங்க."

"அப்ப எம்பட மீட்டரை எவனோ பின்னால சுத்தி உட்டிருக்கறான். நான் நாப்பது வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டுனவன் அம்மிணி. எரிஞ்சுபோன மோட்டாரப் பிரிச்சா தானா எரிஞ்சுதா, எவனாச்சும் எரிச்சானான்னு சொல்லீருவேன். இது தானா எரிஞ்சதில்ல. நாளைக்கு உங்க ஆபீசுக்கே மனுவோட வர்றேன். அந்த அஞ்சு மாசமும் எனக்கு வேணும். கெட்டதோ நல்லதோ, அது என்னுது."

கவின் கூப்பிட்டானா என்று அவர் மனைவியைக் கேட்டார். "நடுக்கடல்ல சிக்னல் கெடைக்கோணுமல்லங்க" என்று சொல்லிவிட்டுக் கலாமணி உள்ளே போய்விட்டார். சொன்ன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் கலாமணி வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, உண்மையச் சொல்லுங்க. அவரு மெஷின்ல நீங்க என்ன பண்றீங்க?"

நான் கேட்க வந்ததை அவர் என்னிடம் கேட்டுவிட்டார்.

"நீங்கதான் அழிக்கச் சொன்னீங்கன்னு நெனச்சனுங்களே."

"நானா? நான் எதுக்குங்க சொல்றேன்?" கலாமணி கேட்டை இழுத்துச் சாத்தினார். "கவினு இல்லீங்க அம்மிணி. கப்பலேறி எட்டாம் நாளு. இஞ்சின் ரூம்ல தீப்புடிச்சிருச்சு. ஒடம்பக்கூடக் கண்ணுல காட்டல. இந்தத் தெருவுல ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இவருகிட்டச் சொன்னேன். ரெண்டு நாளு ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சிட்டு அழுதோம். மூணாம் நாளு மெஷின் சூடாகுது, சர்வீஸுக்குக் காட்டிட்டு வர்றேன்னு போனாரு. வரும்போது பச்சக் கொழந்தையாட்டம் வந்தாருங்க. கவினு கூப்புட்டானான்னு கேக்கறாரு! சரி, இனிச் சொல்ல வேண்டாம்னு வாயக் கட்டிட்டு இருந்தேன். ஒரு மாசம் போலத் தாங்கும். அப்பறம் ஒரு நாளு முடியறதில்ல, சொல்லீர்றேன். மறுபடி அழுவோம். அந்த ரெண்டு நாளுதான் எனக்குச் சோறே எறங்கும். மறுபடி சர்வீஸும்பாரு, மறுபடி அதே மாதிரி வருவாரு. அஞ்சு தடவ அம்மிணி. எம்பட பையன் செத்துப்போனான்னு அஞ்சு தடவ எம்பட வாயால சொல்லியிருக்கறேன். இனி ஆகாது. அவரு பாட்டுக்கு இப்படியே இருக்கட்டும், நான் பாட்டுக்கு இருந்துக்கறேன். நாளைக்கு வந்து கேட்டா அந்த அஞ்சு மாசத்தக் குடுத்துறாதீங்க."

வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன். இந்தப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டி முடித்ததும் பிரசன்னாவை நினைத்துக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீசுக்குப் போய் அவன் அறைக் கதவைச் சாத்தினேன். "போலீசுக்குப் போன் பண்ணட்டுமா, இல்ல நீயே சொல்றயா?" என்றேன். மேனேஜர் என்கிற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

அவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். "யாரும் காசு குடுக்கலக்கா. அவரேதான் வந்தாரு."

"எவரு?"

"ஆறுச்சாமி ஐயாதான். அஞ்சு தடவையும் அவரேதான் வந்து அழிக்கச் சொன்னாரு. அழிக்கறதுக்குக் கமிட்டி அனுமதி கேட்டு எழுதிப்போட்டா முப்பது நாளாகும். அந்த மனுசன் என் மேசையப் புடிச்சிட்டு அழுதாருக்கா. உங்ககிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. மேனேஜர் லாகின்ல திருப்பற கமாண்ட் ஓடாது. அதான் உங்களோடதுல…"

"நான் ஜெயிலுக்குப் போனாப் பரவாயில்லைன்னு?"

"சம்மதப் பதிவு வாங்கி வெச்சிருக்கறன்க்கா. அஞ்சும் இருக்குது."

போட்டுக் காட்டினான். முதல் பதிவில் ஆறுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்தவர் மாதிரி பேசினார். "என் பேரு ஆறுச்சாமி. தை நாலாம் தேதிக்கு அப்பறம் இருக்கறது எனக்கு வேண்டாம். எம்பட பொண்டாட்டிக்காகத்தான் கேக்கறேன். நான் அழுகறதப் பாத்தா அவளுக்குச் சோறு எறங்கறதில்ல. நாளைக்கு நானே வந்து திருப்பிக் கேட்டாலும் குடுக்க வேண்டாம்."

இரண்டாவதும் ஏறக்குறைய அதேதான். மூன்றாவதில் மனைவி பெயர் ஒரு தடவை வந்தது. நான்காவதில் வரவில்லை. ஐந்தாவதில், இந்தத் திங்கட்கிழமை, நிமிர்ந்துகூட உட்காரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு "எடுத்துருங்க சாமி, எடுத்துருங்க" என்றதோடு சரி. ஐந்திலும் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. மகன் பெயரை அவர் வாய் சொல்லவே இல்லை.

எனக்கு அந்தச் சோற்றுப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் சாப்பிடுவதில்லை என்று இவர் சொல்கிறார். அந்த இரண்டு நாள்தான் சோறு இறங்கும் என்று அந்தம்மா சொல்கிறார். ஒன்று இவர் பொய் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அழுத கண்ணோடு மனைவியின் தட்டைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் அந்தம்மாளைத் தனியாக விட்டுவிட்டு ஓடியவர் இவர்தான்.

"நாளைக்கு மனுவோட வர்றாரு. அஞ்சு மாசத்தத் திருப்பிக் கேக்கப் போறாரு," என்றேன்.

"குடுக்கக் கூடாதுக்கா. அவரே வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"சட்டப்படி உடையவர் கடைசியாச் சொல்றதுதான் செல்லும்."

"அழிக்கச் சொன்ன ஆளுக்கு விஷயம் என்னன்னு தெரியும். திருப்பிக் கேக்கற ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச ஆளு சொல்றதக் கேக்கறதா, தெரியாத ஆளு சொல்றதக் கேக்கறதா?"

ஐந்து குளோன்களையும் ஒரே நேரத்தில் அவர் தலையோடு இணைத்தால் மகன் ஒரே நாளில் ஐந்து தடவை சாவான். இணைக்காவிட்டால் அந்தம்மா சாகிறவரை அந்தத் துக்கத்தை ஒண்டியாக வைத்துக்கொண்டு திரிய வேண்டும். அன்றைக்கு வீட்டில் போய் யாரையும் எதற்கும் சந்தேகப்படவில்லை. என் வீட்டுக்காரர்தான் பயந்துபோய், உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆறுச்சாமி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் நான்காக மடித்த மனு. என் மேசைக்கு முன்னால் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். பிரசன்னா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து தலையை ஆட்டினான். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

"உங்க அஞ்சு மாசம் எங்ககிட்டத்தான் இருக்குதுங்கய்யா. குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. மீட்டரப் பின்னால சுத்துனது யாருன்னு தெரியும்."

ஐந்து பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். வால்யூமை நான் தொடவில்லை. ஒருவர் கொடுத்த சம்மதத்தை அவருக்கே காட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது.

முதலில் யாரோ தன்னை மாதிரி நடிக்கிறார்கள் என்று நினைத்தார் போல, திரைக்கு நெருக்கமாகப் போய்ப் பார்த்தார். மூன்றாவது ஓடும்போது மனுவை மேசைமேல் வைத்தார். ஐந்தாவது முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு தடவையும் நானேதானுங்களா?"

"நீங்களேதானுங்க."

"நான் பயந்து ஓடற ஆளில்லீங்க அம்மிணி. கையில கரண்டு புடிச்சப்பக்கூட ஒத்தக் கையால சுட்சை ஆஃப் பண்ணுனவன். நான் எதப் பாத்து அஞ்சு தடவ ஓடுவேன்?" அவர் விரலை மடக்கினார். "வீடு இருக்குது. கலாமணி இருக்கறா. காலைல இட்டிலி சுட்டுப்போட்டா." மூன்றாவது விரலை மடக்கப் போனவர் அப்படியே நிறுத்தினார். "கவினுங்களா?"

என் முகம்தான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு சத்தம் போட்டார். அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வெளியே பிரசன்னா கதவைத் தட்டுவது கேட்டது. ஆறுச்சாமி என் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துருங்க சாமி. எனக்கு வேண்டாம். எடுத்துருங்க."

ஐந்தாவது பதிவில் கேட்ட அதே குரல். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

"உங்களுக்கு எடுத்தாச்சு, அஞ்சு தடவ எடுத்தாச்சு! அந்தம்மாவுக்கு யாரு எடுக்கறது? அஞ்சு தடவ அவங்க வாயால உங்ககிட்டச் சொல்லியிருக்கறாங்க. நீங்க கட்டிப்புடிச்சு அழுத ரெண்டு நாளுதான் சோறு எறங்குதுன்னு எங்கிட்டச் சொன்னாங்க. அந்தக் கையப் பாத்தீங்களா நீங்க? ரவிக்க தொங்குது!"

"அவ சாப்புடறதில்லைன்னுதானுங்களே நான்…"

"நீங்க ஓடிப்போற நாள்லதானுங்க சாப்புடறதில்ல."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, கெஞ்சுகிற மாதிரி, "அவளுக்கும் ஒரு மெஷினு மாட்டிரலாமுங்களா? ரெண்டு பேருக்கும் தெரியாமப் போயிட்டா…" என்றார்.

"ரெண்டு பேருக்கும் தெரியலைன்னா, உங்க பையனுக்காக அழுகறதுக்கு நானும் இந்தப் பிரசன்னாவும்தானுங்க மிச்சம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெற்றவரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையில் தடவி ஃபோனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார். நான் வாங்கி அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"ஏனுங்க? எங்கிருக்கறீங்க? மனு குடுத்தாச்சுங்களா?" என்றது கலாமணியின் குரல். பின்னால் குக்கர் கூவியது.

"கலா. நம்ம கவினு போயிட்டானா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"யாருங்க சொன்னாங்க உங்ககிட்ட? அந்தக் கம்பெனிப் பொண்ணுங்களா?"

"யாரும் சொல்லுல. நானாத்தான் கேக்கறேன். நான்தான் கலா ஒவ்வொரு தடவையும் இங்க வந்து அழிக்கச் சொல்லியிருக்கறேன். மெஷின் ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான்."

அந்தம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஃபோனைச் சுவரில் அடித்திருப்பேன். அவர் "அய்யோ" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு வாய்விட்டு அழுதார். "இன்னொருக்கா என்னால சொல்ல முடியாதுன்னு இருந்தனுங்க. நீங்களாக் கேட்டுட்டீங்க, நீங்களாக் கேட்டுட்டீங்க" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதார். ஆறுச்சாமி ஃபோனுக்குப் பக்கத்தில் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான் என்ன செய்வது? நானும் அழுதேன். வெளியே போயிருக்கலாம், எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கொஞ்சம் அடங்கிய பிறகு அவர் தலையை நிமிர்த்தினார். "அந்தப் பொங்கல் எங்கங்க இருக்குது?"

"ஸ்னாப்ஷாட்டுங்களா? இங்கதான் இருக்குது."

"அழிச்சிருங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கய்யா."

"நாளன்னிக்கு மறுபடி வருவனுங்க. என்னைய நம்பாதீங்க. எனக்கு எடுத்துக் குடுத்த அந்தப் பிரசன்னா நல்ல பையனாட்டத்தான் இருக்குது, நான் அழுதா மறுபடி எடுத்துக் குடுத்துருவான்."

"அதை அழிச்சா பொங்கலு மறக்காதுங்க. கவின் கெளம்புனது உங்க ஞாபகத்துல இருக்கும். திரும்பிப் போற வழிதான் இருக்காது."

"அதத்தானுங்க கேக்கறேன்."

அப்படியானால் பொங்கல் மட்டும் போதாது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் தினப்படி எடுத்த ஸ்னாப்ஷாட்களிலும் அவருக்கு எதுவும் தெரியாதுதான். மூன்றையும் சேர்த்து அழிக்க வேண்டும். சம்மதத்தை அவர் வாயால் பதிவு செய்தேன். இந்தத் தடவை மகன் பெயரைச் சொல்லிப் பேசினார். சாப்பாட்டு நேரம் இல்லை, திருட்டு லாகினும் இல்லை. தடுப்பை எடுத்துவிட்டுக் கமாண்டை அடித்தேன். வழக்கமாகச் செய்கிற மாதிரி முதலில் குளோன் எடுக்கக் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

"அந்த மத்த அஞ்சும்?" என்று கேட்டார். "நாங்க அழுத நாளெல்லாம்?"

"அது பத்திரமா இருக்குதுங்க."

"இருக்கட்டும். ஒவ்வொண்ணா வாங்கிக்கறேன். அவ சொன்னதையெல்லாம் நான் கேட்டிருக்கோணுமல்ல."

திரையில், மூன்றையும் அழிக்கலாமா, உறுதிதானா என்ற கேள்வி வந்து நின்றது. விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். எந்தப் பொத்தான் என்று காட்டினேன். செம்புக் கம்பி இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல் அவருக்கு. அதை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார். வரி மறைந்து, அடுத்த கமாண்டுக்காகத் திரை காத்திருந்தது.

ஃபோனை அணைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் அழுகை நின்றிருந்தது. எங்கள் பேச்சும் நின்று இங்கே சத்தமில்லாமல் போனதும் கலாமணி பயந்துவிட்டார் போல.

"ஏனுங்க," என்றார். "ஏனுங்க, அங்க என்ன பண்றாங்க உங்கள? இன்னும் ஞாபகம் இருக்குதுங்களா?"

ஆறுச்சாமி ஃபோனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இருக்குது கலா," என்றார். "இனி இருக்கும். இரு, வந்தர்றேன்."